பெயரைப் பார்த்து கணினிப் பட்டம் தெரிவுசெய்யலாமா? கொழும்பில் படிக்கப்போகிறவர்களுக்கு ஒரு விளக்கம்

உயர்தரப் பெறுபேறுகள் வெளியான வாரத்தில் கொழும்புப் பத்திரிகைகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் கணினிப் பட்ட விளம்பரம்தான். கணினி விஞ்ஞானம், மென்பொருள் பொறியியல், தகவல் தொழில்நுட்பம், தகவல் முறைமைகள், தரவு விஞ்ஞானம், சைபர் பாதுகாப்பு, செயற்கை நுண்ணறிவு என்று பெயர்கள் நீளும். ஒன்று மூன்று வருடம், ஒன்று நான்கு வருடம், இன்னொன்று "இரண்டு வருடம், பிறகு டொப்-அப்". ஒன்றில் 120 திறமைப் புள்ளி (கிரெடிட்), இன்னொன்றில் 360. சில இடங்களில் கட்டணமே இல்லை, சில இடங்களில் பல இலட்சம். பிள்ளை குழம்புகிறது. பெற்றோர் அதைவிட அதிகமாகக் குழம்புகிறார்கள்.

பட்டத்தின் பெயர் சொல்லும் தகவல் மிகக் குறைவு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பட்டத்தை யார் தருகிறார்கள், எந்த மட்டத்தில் தருகிறார்கள், உள்ளே என்ன பாடங்கள் இருக்கின்றன என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பெயர் பெரிதாகப் பொருட்டில்லை. அடிப்படையிலிருந்து வருவோம்.

கணினித் துறை ஒன்றல்ல

உலகப் பல்கலைக்கழகங்கள் பலவும் பாடத்திட்டம் வகுக்கும்போது ஏசிஎம், ஐ-ட்ரிபிள்-ஈ ஆகிய இரு தொழில்சார் சங்கங்களின் வழிகாட்டிகளைப் பார்க்கின்றன. 2005இல் வந்த வழிகாட்டி இந்தத் துறையை ஐந்து கிளைகளாகப் பிரித்தது. 2020இல் வந்த அதன் அடுத்த பதிப்பு சைபர் பாதுகாப்பையும் தரவு விஞ்ஞானத்தையும் சேர்த்துக்கொண்டது. முதல் ஐந்தின் வித்தியாசம் விளங்கிவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

நம் எல்லோர் கையிலும் இருக்கும் தேசிய அடையாள அட்டையை உதாரணமாக எடுப்போம். பழைய அட்டை எண்ணில் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் ஓர் எழுத்தும் இருந்தன. பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் முதலில் வரும். அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் குறிக்கும். பெண்களுக்கு அதோடு 500ஐக் கூட்டுவார்கள். பிறகு தொடரிலக்கம், சரிபார்ப்பு இலக்கம், எழுத்து. 2016 முதல் இது 12 இலக்கமாக மாறியது. ஆண்டு நான்கு இலக்கத்தில் வந்தது, எழுத்து போய்விட்டது. அட்டையில் பார்த்தால் சின்ன மாற்றம். ஆனால் வங்கி, தொலைபேசி நிறுவனம், வைத்தியசாலை, பரீட்சைத் திணைக்களம் என்று இந்த எண்ணைச் சேமித்து வைத்திருந்த ஒவ்வொரு மென்பொருளுக்கும் அது ஒரு வேலையைக் கொடுத்தது. அந்த வேலையை ஐந்து கிளைகளும் எப்படிப் பார்க்கும்?

1. கணினி விஞ்ஞானம். யாராவது ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால், மற்ற இலக்கங்களை வைத்தே அந்தத் தவறைக் கண்டுபிடிக்கும்படி சரிபார்ப்பு இலக்கத்தைக் கணிப்பது எப்படி? நாட்டில் 2 கோடிக்கு மேல் மக்கள். அத்தனை எண்களையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தால், ஒரு எண்ணைத் தேட எத்தனை ஒப்பீடு வேண்டும்? ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கித் தேடினால் 25 ஒப்பீட்டுக்குள் முடிந்துவிடும். ஏன் 25 என்று நிறுவிக் காட்டுவதுதான் இந்தக் கிளையின் வேலை. இரண்டை 25 தடவை பெருக்கினால் 3 கோடியே 35 இலட்சத்தைத் தாண்டும் என்பதே காரணம்.

2. மென்பொருள் பொறியியல். பத்து இடம் என்று நினைத்து எழுதப்பட்ட வங்கி மென்பொருள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தாமல், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஏற்கும்படி மாற்றுவது எப்படி? மாற்றியபின் வேறெங்கும் எதுவும் உடையவில்லை என்று பரிசோதிப்பது எப்படி? பலர் சேர்ந்து எழுதும் பெரிய நிரலைப் பல வருடம் பராமரிக்கும் கலை இது.

3. தகவல் முறைமைகள். ஒருவர் பழைய எண்ணில் கணக்குத் திறந்தார், புதிய எண்ணில் கடன் கேட்கிறார். வங்கிக்கு அவர் ஒருவரா, இருவரா? கிளையில் இருக்கும் அலுவலர் எந்தப் பத்திரத்தைக் கேட்க வேண்டும்? சேகரித்த தகவலை யார் பார்க்கலாம்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்குள் எங்கே வருகிறது? நிறுவனம், மனிதர், சட்டம், கணினி நான்கும் சந்திக்கும் இடம் இந்தக் கிளை.

4. தகவல் தொழில்நுட்பம். சேர்வர், வலையமைப்பு, காப்புப் பிரதி, யாருக்கு எந்த அனுமதி என்பது போன்ற விடயங்கள். ஓடவேண்டியது தடையில்லாமல் ஓடவேண்டும்.

5. கணினிப் பொறியியல். அட்டையை வாசிக்கும் கருவி, அதற்குள் இருக்கும் சில்லு, அந்தச் சில்லில் ஓடும் சின்ன நிரல். இலத்திரனியலும் கணினியும் கலந்தது.

இவற்றில் உயர்ந்தது, தாழ்ந்தது என்று எதுவும் இல்லை. கணிதத்தில் மனம் லயிக்கும் பிள்ளைக்கு முதலாவது. ஒரு அலுவலகம் ஏன் இப்படிக் குழம்பிக் கிடக்கிறது என்று யோசிக்கும் பிள்ளைக்கு மூன்றாவது. வர்த்தகப் பிரிவில் படித்தவர்கள் தகவல் முறைமைகளை "குறைந்த" பட்டமாக நினைத்து ஒதுங்குவதைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. கணக்கியல் தெரிந்த ஒருவர் இந்தக் கிளைக்குள் வந்தால், வெறும் நிரல் மட்டும் தெரிந்தவரால் செய்ய முடியாத வேலை அவருக்காகக் காத்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இந்த எல்லைகள் வழிகாட்டி நூலில் தெளிவாக இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் கலங்கிப்போகும். ஓர் இடத்தின் "மென்பொருள் பொறியியல்" இன்னோர் இடத்தின் "தகவல் தொழில்நுட்பம்" போலவே இருக்கலாம். அதனால்தான் பெயரை விட்டுவிட்டுப் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்கவேண்டும். முதல் இரண்டு வருடத்தில் பிரிநிலைக் கணிதம் (discrete mathematics), தரவுக் கட்டமைப்புகளும் வழிமுறைகளும், கணினிக் கட்டமைப்பு, இயங்குதளம், தரவுத்தளம், வலையமைப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயரில் "செயற்கை நுண்ணறிவு" இருந்து, உள்ளே நிகழ்தகவும் நேரியல் அட்சரகணிதமும் இல்லாவிட்டால், அந்தப் பட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும்.

கொழும்பிலும் சுற்றிலும் உள்ள வாசல்கள்

*அரச பல்கலைக்கழகங்கள்.* கொழும்பு 7, ரீட் அவென்யுவில் இருக்கும் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியைப் பிள்ளைகள் "யூசிஎஸ்சி" என்றே சொல்வார்கள். 1987இல் தொடங்கிய கணினித் தொழில்நுட்ப நிறுவனமும், பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையும் 2002இல் ஒன்றாகி இது உருவானது. இலங்கையில் கணினிக் கல்விக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவரான பேராசிரியர் வி. கே. சமரநாயக்கதான் இதன் முதல் பணிப்பாளர். கணினி விஞ்ஞானம், தகவல் முறைமைகள், மென்பொருள் பொறியியல் ஆகியவை இங்கே உண்டு. கணினி விஞ்ஞானத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கணிதப் பிரிவினர். தகவல் முறைமைகளுக்கு வேறு பிரிவு மாணவர்களும் வந்திருக்கிறார்கள். எந்தப் பாடச் சேர்க்கை, சாதாரண தரத்தில் எந்தச் சித்தி வேண்டும் என்பதையெல்லாம் அந்தந்த வருடத்துப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலில் பாருங்கள். அண்ணன் சேர்ந்த வருடத்து விதி தம்பிக்குப் பொருந்தாமல் போகலாம்.

காலி வீதியில் தெற்கே போனால் கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அங்கே இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன. பொறியியல் பீடத்துக்குள் 1985 முதல் இயங்கும் கணினி விஞ்ஞான, பொறியியல் துறை ஒன்று. 2001இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்பப் பீடம் மற்றொன்று. முதலாவதில் கிடைப்பது பொறியியல் பட்டம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினர் என்பதால், அது அங்கீகரித்த பொறியியல் பட்டங்கள் மற்ற உறுப்பு நாடுகளிலும் சமமாக மதிக்கப்படும். கணினி விஞ்ஞானப் பட்டத்துக்கு இந்த வழி தானாகக் கிடைக்காது. பட்டயப் பொறியியலாளராக (Chartered Engineer) வரவேண்டும் என்ற ஆசை இருந்தால் இந்த வேறுபாட்டை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

கொழும்புக்கு வெளியே யாழ்ப்பாணம், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா போன்ற இடங்களிலும் கணினிப் பட்டங்கள் உண்டு. கொழும்புப் பிள்ளை ஏன் அங்கே போகவேண்டும் என்று கேட்பவர்கள் கீழே இசட் புள்ளி பற்றிய பகுதியைப் படிக்கட்டும்.

*அரசு சாராத பட்டமளிக்கும் நிறுவனங்கள்.* 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவில், பட்டம் வழங்க ஒரு நிறுவனத்தை அங்கீகரிக்க முடியும். 1999இல் தொடங்கி மாலபேயில் பெரிய வளாகத்தோடு இயங்கும் ஸ்லிட் (இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவகம், SLIIT) இதற்கு உதாரணம். இங்கே பட்டம் நிறுவனத்தின் பெயரிலேயே வரும். ஆனால் அங்கீகாரம் கிடைப்பது ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனியாக. நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டது என்பதால் அது நடத்தும் எல்லாக் கற்கைநெறியும் அங்கீகரிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

*வெளிநாட்டுப் பட்டங்கள்.* வெள்ளவத்தை இராமகிருஷ்ணா வீதியைத் தெரிந்தவர்களுக்கு ஐஐடியை (Informatics Institute of Technology) தெரியும். 1990 முதல் இருக்கும் அந்த நிறுவனம் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகப் பட்டத்தை இங்கிருந்தே படிக்க வழிசெய்கிறது. இந்த வகையில் சான்றிதழில் இருக்கும் பெயர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தினுடையது. வகுப்பு நடத்துவது இங்குள்ள நிறுவனம். இரண்டையும் தனித்தனியாக விசாரியுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ, சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ இடம்பெற்றிருக்கிறதா என்பதையே மானியங்கள் ஆணைக்குழு வழக்கமாகப் பார்த்துவந்திருக்கிறது.

*வெளிவாரியும் திறந்த கல்வியும்.* யூசிஎஸ்சி 2000ஆம் ஆண்டு முதல் நடத்தும் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம், கொழும்பில் வேலை செய்துகொண்டே படிக்கும் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. முதல் வருடத்தை முடித்தால் டிப்ளோமா, இரண்டாவதை முடித்தால் உயர் டிப்ளோமா, மூன்றாவதை முடித்தால் பட்டம். இடையில் வீட்டுச் சுமையால் நிறுத்தினாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். பகலில் புறக்கோட்டைக் கடையில் கணக்கெழுதிவிட்டு இரவில் படிக்கும் பிள்ளைக்கு இது சின்ன விடயமல்ல. நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்திலும் மென்பொருள் பொறியியல் படிக்கலாம்.

பிசிஎஸ் எனப்படும் பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் பரீட்சைகளையும் சொல்லவேண்டும். சான்றிதழ், டிப்ளோமா, பட்டதாரி டிப்ளோமா என்று மூன்று படிகள். கடைசிப் படியின் தரம் பிரித்தானியக் கௌரவப் பட்டத்தின் இறுதி வருடத்துக்கு ஒப்பானது. ஆனாலும் அது பட்டம் அல்ல. சில பல்கலைக்கழகங்கள் அதை வைத்து முதுமாணிக்கு எடுப்பார்கள். "பட்டதாரி" என்று கேட்கும் அரச வேலைக்கு விண்ணப்பிக்க அது போதுமா என்பதை அந்த விளம்பரத்தில் பார்க்கவேண்டும்.

இசட் புள்ளி எப்படி வேலை செய்கிறது

அரச பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளிதான் அளவுகோல். பாடத்துக்குப் பாடம் வினாத்தாளின் கடினம் மாறுவதால், புள்ளிகளை அப்படியே கூட்டினால் நியாயமாக இருக்காது. அதனால் மாணவரின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) வகுக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் அப்படிக் கணித்து அவற்றின் சராசரியை எடுக்கிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. பௌதிகவியலில் சராசரி 40, நியம விலகல் 20 என்று வைப்போம். 80 எடுத்தவருக்கு இசட் 2.0. இன்னொரு பாடத்தில் சராசரி 60, நியம விலகல் 16. அதிலும் 80 எடுத்தவருக்கு 1.25தான். இருவரும் எடுத்தது 80, ஆனால் எடை வேறு. "இலகுவான பாடம் எடுத்தால் புள்ளி கூடும்" என்று டியூசன் வாசலில் கேட்கும் அறிவுரை ஏன் பிழைக்கிறது என்பது இதில் தெரியும்.

அடுத்தது ஒதுக்கீடு. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையில் போகின்றன. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. வடக்கு, கிழக்கு மாவட்டங்களும் நுவரெலியா, பதுளை போன்றவையும் அந்தப் பதினாறில் அடங்கும், கொழும்பு அடங்காது. ஆகவே பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ படித்த தமிழ்ப் பிள்ளை, நாட்டின் மிக வசதியான பாடசாலை மாணவர்களோடு ஒரே மாவட்ட வரிசையில் நிற்கிறது. யூசிஎஸ்சிக்கான வெட்டுப்புள்ளியைத் தொடாமல் போனால், விருப்பப் பட்டியலில் யாழ்ப்பாணம், வவுனியா, சப்ரகமுவ போன்ற இடங்களின் கணினிக் கற்கைநெறிகளையும் வரிசையாகப் போட்டிருப்பது புத்தி. வீட்டுக்குப் பக்கத்தில் படிக்கவேண்டும் என்பதற்காக மட்டும் அவற்றை விட்டுவிட்டு, பிறகு இலட்சக்கணக்கில் கடன்படும் குடும்பங்கள் இருக்கின்றன.

360 பெரிதா, 120 பெரிதா?

விளம்பரங்களில் அதிகம் ஏமாற்றம் தருவது இந்த எண்கள்தான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

இலங்கைத் தகைமைகள் சட்டகம் என்ற அளவுகோல் 2012இல் வந்தது. அதில் தகைமைகள் 1 முதல் 12 வரை மட்டங்களாக அடுக்கப்பட்டுள்ளன. க.பொ.த. உயர்தரம் 2ஆம் மட்டம். மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 திறமைப் புள்ளி. நான்கு வருடக் கௌரவப் பட்டம் 6ஆம் மட்டம், 120 திறமைப் புள்ளி. உச்சியில் கலாநிதிப் பட்டம், 12.

இங்கே ஒரு திறமைப் புள்ளி என்றால் மாணவர் செலவிடவேண்டிய 50 மணித்தியாலம். விரிவுரை, ஆய்வுகூடம், வீட்டில் படிப்பது, பரீட்சை எல்லாம் அதற்குள் அடங்கும். பிரித்தானிய முறையில் ஒரு புள்ளி 10 மணித்தியாலம்தான். இப்போது பெருக்கிப் பாருங்கள்:

1. இலங்கை நான்கு வருடக் கௌரவப் பட்டம்: 120 × 50 = 6000 மணித்தியாலம்.
2. இலங்கை மூன்று வருடப் பட்டம்: 90 × 50 = 4500 மணித்தியாலம்.
3. பிரித்தானிய மூன்று வருடக் கௌரவப் பட்டம்: 360 × 10 = 3600 மணித்தியாலம்.

360 என்ற எண்ணைப் பார்த்து மூன்று மடங்கு படிப்பு என்று நினைத்தவர் இதைக் கவனிக்கவேண்டும். அதற்காகப் பிரித்தானியப் பட்டம் தரம் குறைந்தது என்று அர்த்தமில்லை. அங்கே பிள்ளைகள் ஏ-லெவலில் சில பாடங்களை ஆழமாகப் படித்துவிட்டு வருவதால் பட்டத்தை மூன்று வருடத்தில் முடிக்கும் மரபு அது. அலகு வேறு என்பதுதான் இங்கே சொல்ல வருவது. மட்ட எண்களிலும் இதே சிக்கல் உண்டு. பிரித்தானியச் சட்டகத்திலும் "6ஆம் மட்டம்" இருக்கிறது, அது அங்குள்ள மூன்று வருடக் கௌரவப் பட்டத்தைக் குறிக்கும். எண் ஒன்றாக இருப்பதால் இலங்கையின் 6ஆம் மட்டத்தோடு அது ஒன்றாகிவிடாது. "இது லெவல் சிக்ஸ்" என்று வரவேற்பு மேசையில் சொன்னால், "எந்த நாட்டுச் சட்டகத்தில்?" என்று கேளுங்கள்.

இது எங்கே வந்து இடிக்கும்? பெரும்பாலும் ஐந்தாறு வருடம் கழித்துத்தான். தனியார் மென்பொருள் நிறுவனத்தில் முதல் வேலைக்குப் போகும்போது யாரும் மட்டம் கேட்கமாட்டார்கள், நிரல் எழுதச் சொல்வார்கள். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி, அரச சேவை, ஆய்வுப் பட்டம், வெளிநாட்டு மேற்படிப்பு என்று வரும்போது மூன்று வருடமா நான்கு வருடமா, பொதுவா கௌரவமா என்பது முன்னால் வந்து நிற்கும். இரண்டு வருட உயர் டிப்ளோமாவுக்குப் பிறகு ஒரு வருட டொப்-அப் என்ற வழியிலும் இதே கேள்வி உண்டு. சான்றிதழில் கடைசி வருடத்துப் பாடங்கள் மட்டும் பதிவாகுமா, மூன்று வருடமும் பதிவாகுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்மூலம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு

மேலே சொன்ன கணினிப் பட்டங்களில் விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில். தமிழ்மூலம் உயர்தரம் எழுதி நல்ல இசட் புள்ளியோடு வந்த பிள்ளை முதல் அரையாண்டில் தடுமாறினால், பலர் அதைக் கணினி "வரவில்லை" என்று தப்பாகப் படிக்கிறார்கள். உண்மையில் தடுமாற்றம் பெரும்பாலும் வினாவை வாசிப்பதில் இருக்கிறது. பிரிநிலைக் கணிதத்தில் "இதை நிறுவுக" என்ற வினாவின் நிபந்தனைகள் நீளமான ஆங்கில வாக்கியங்களில் வரும். "ஆகக் குறைந்தது ஒன்று", "ஆகக் கூடியது ஒன்று", "சரியாக ஒன்று" ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் சட்டென்று பிரித்தறியத் தெரியாவிட்டால் கணிதம் தெரிந்தும் புள்ளி போய்விடும். உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் கிடைக்கும் மாதங்களில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போவதைவிட, ஒரு ஆங்கிலக் கணினிப் பாடநூலை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்து, பயிற்சிகளை எழுதிப் பார்ப்பது அதிக பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

அதே நேரம், தமிழ் தெரிந்த கணினி மாணவருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பார்வை உண்டு. "கொழும்பு" என்ற சொல்லை எடுங்கள். நாம் எண்ணினால் கொ, ழு, ம், பு என்று நான்கு எழுத்து. பைதன் என்ற நிரல் மொழியில் இந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 8 என்று விடை வரும். க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி என்று, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறை அதை எட்டு அலகாக வைத்திருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 24. நான்கு, எட்டு, இருபத்துநான்கு மூன்றும் சரியான விடைதான், கேள்விதான் வேறு.

இதன் விளைவு அன்றாடம் தெரியும். பெயருக்கு இருபது இடம் என்று ஒரு படிவத்தை ஆங்கிலத்தை மட்டும் நினைத்துச் செய்தால், தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படும், சில வேளை எழுத்தின் நடுவில் வெட்டுப்பட்டுக் குறி மட்டும் தொங்கும். குறுஞ்செய்தியும் அப்படித்தான்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் அனுப்பினால் 70 அலகு. அறிவித்தலைத் தமிழில் அனுப்ப ஏன் செலவு கூடுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மும்மொழியில் சேவை தரவேண்டிய நாட்டில் இவற்றைச் சரியாகச் செய்யத் தெரிந்த பட்டதாரிகள் வேண்டும். யூசிஎஸ்சியில் மொழித் தொழில்நுட்ப ஆய்வுகூடமே இருக்கிறது. இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பக்கம் இன்னும் அதிகமாக வரவேண்டும்.

செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதும் காலத்தில் இந்தப் பட்டம் தேவையா?

இன்று வீடுகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நேராகப் பதில் சொன்னால்: சின்னப் படிவம் செய்வது, பழக்கமான நிரலைத் திருப்பி எழுதுவது, எளிய பரிசோதனைகளை எழுதுவது போன்றவற்றைக் கருவிகள் இப்போதே விரைவாகச் செய்கின்றன. தெமட்டகொடை ஓரியன் சிற்றியிலோ மருதானை ட்ரேஸ் வளாகத்திலோ வேலைக்குச் சேரும் புதியவருக்கு முன்பு முதல் மாதங்களில் கொடுத்தது இந்த வகை வேலைகளைத்தான். ஆகவே முதல் படி ஏறுவது கடினமாகிறது. அதை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் கருவி எழுதிய நிரல் சரியா என்று யாராவது சொல்லவேண்டும். அடையாள அட்டை எண்ணைச் சரிபார்க்கும் நிரலைக் கருவியிடம் கேட்டால் உடனே எழுதித்தரும். அது பழைய எண்ணை ஏற்குமா, பெண்களின் 500ஐக் கவனித்ததா, ஆண்டின் 367ஆவது நாளை அனுமதித்துவிட்டதா என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த நிரல் பயன்படும். அப்படிக் கேட்கும் அறிவு வருவது தரவுக் கட்டமைப்பிலும் பரிசோதனை முறையிலும் தர்க்கத்திலும் பழகியபின். இரண்டு வருடம் எல்லா ஒப்படையையும் கருவியிடம் கொடுத்து முடித்த பிள்ளை, நேர்முகத் தேர்வில் தாளில் பத்து வரி எழுதச் சொன்னால் திணறிப்போகும். முதலாம் வருடத்தில் நிரலைக் கையால் எழுதிப் பழகுங்கள். கருவியை மூன்றாம் வருடத்தில் தாராளமாகப் பிடிக்கலாம்.

இதனால் பட்டத் தெரிவில் ஒரு மாற்றம் வரவேண்டும். குறிப்பிட்ட ஒரு கருவியையோ ஒரு நிறுவனத்தின் மென்பொருளையோ மட்டும் கற்பிக்கும் குறுகிய கற்கைநெறிகள் விரைவில் பழசாகும். கணிதமும் அடிப்படையும் கனமாக உள்ளவை நின்றுபிடிக்கும்.

பணம், காலம், கையெழுத்து

அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரி மாணவருக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசிலும் தகுதியானவர்களுக்கு உண்டு. தெரிவாகாதவர்களுக்கு, அரசு சாராத சில நிறுவனங்களில் படிக்க அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் 2017 முதல் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் எந்தப் பட்டம் அதில் அடங்குகிறது என்பது அந்தந்தச் சுற்று அறிவித்தலில் வரும்.

கட்டணம் கட்டும் இடமென்றால், கேட்கவேண்டியவற்றை எழுத்தில் கேளுங்கள்:

1. சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்? இங்கே படித்ததாக அதில் குறிக்கப்படுமா?
2. முழுக் காலத்துக்கும் மொத்தக் கட்டணம் எவ்வளவு? அதில் எவ்வளவு பவுண்டிலோ டொலரிலோ கட்டவேண்டும்? 2022இல் ரூபாய் விழுந்தபோது வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் இருந்த குடும்பங்கள் பட்ட பாட்டைக் கொழும்பு மறந்திருக்காது.
3. ஒரு பாடம் தவறினால் திரும்ப எழுத எவ்வளவு?
4. தொழிற்பயிற்சி பாடத்திட்டத்தின் பகுதியா, மாணவர் தானாகத் தேடிக்கொள்வதா?
5. இடையில் நிறுத்தினால் என்ன சான்றிதழ் கிடைக்கும்?

பெறுபேறு வந்த நாளுக்கும் மானியங்கள் ஆணைக்குழுவின் வெட்டுப்புள்ளி வரும் நாளுக்கும் இடையில் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். தனியார் நிறுவனங்களின் சலுகைகளும் "இந்த வெள்ளிக்கிழமை கடைசி" என்ற தொலைபேசி அழைப்புகளும் வருவது அந்த இடைவெளியில்தான். அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கலாம் என்ற நிலையில் உள்ள பிள்ளைக்குப் பதிவுக் கட்டணம் கட்டுமுன், இடம் கிடைத்து விலகினால் எவ்வளவு தொகை எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்று நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் கையெழுத்தோடு வாங்குங்கள். வாய்ச்சொல்லாக மட்டும் சொன்னால், வெட்டுப்புள்ளி வரும்வரை பணத்தைக் கட்டாதீர்கள்.